கோழிக்கால் குறி

கொழும்பிலிருந்து வந்த முதல் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே வாசித்தேன். வாசித்து முடித்ததும் கையிலிருந்த அகப்பையால் சட்டியின் விளிம்பில் ஓங்கித் தட்டினேன். வறுபட்டுக்கொண்டிருந்த கொத்தமல்லி அடுப்பெல்லாம் சிதறியது. வெளியே ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்த என் கணவர் எட்டிப் பார்த்தார். "கோபம் யாரு மேல? கொத்தமல்லி மேலயா, கவர்மெண்டு மேலயா?" என்று கேட்டார். இரண்டின் மேலும்தான் என்றேன்.

பதுளை நகரத்தின் ஓரத்தில் எங்கள் வீடு. அங்கிருந்துதான் கொத்தமல்லியும் சுக்கும் வறுத்துப் பொடித்துப் பாக்கெட் போட்டு விற்கிறோம். இந்தப் பக்கத்தில் தடிமன், சளி பிடித்தால் முதலில் கொதிப்பது கொத்தமல்லித் தண்ணீர்தான், அதில் நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. ஆனால் வறுப்பதில் ஒரு பதம் இருக்கிறது, அது எங்களுக்குக் கைவந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் என்னோடு சேர்ந்தார்கள். பஜாரில் விற்றது, பிறகு எல்ல என்கிற சுற்றுலா ஊர்ப் பக்கத்துத் தங்குவிடுதிகளும் கேட்க ஆரம்பித்தன. அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவர் எங்கள் மஞ்சள் தாளையும் எழுத்தையும் அப்படியே பார்த்து அடித்து, உள்ளே வெறும் தூசியைப் போட்டுக் கடைகளில் தொங்கவிட்டார். ஒரு விடுதிக்காரர் என்னைக் கூப்பிட்டு, "என்னங்க, தரம் இப்படிப் போச்சு" என்று அந்தத் தூசிப் பாக்கெட்டைக் காட்டினார். அன்றைக்குத்தான் எங்கள் பாக்கெட்டின் பெயரை என் பெயரில் பதிந்தே தீருவது என்று கிளம்பினேன்.

சிறுதொழில் செய்பவர்களுக்கு உதவப் பதுளையில் ஓர் அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் அதிகாரி. என்னைவிட இளையவர், ஆனால் நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். விண்ணப்பத்தை அவர்தான் நிரப்பித் தந்தார். பாக்கெட் தாளையே வியாபாரக் குறியாக ஒட்டி அனுப்பினோம். அதில் "பதுளைக் கொத்தமல்லி" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஒரு மூலையில் சின்னதாகச் சிவப்பில் ஒரு கோழிக்கால்.

கடிதம் சொன்னது இதுதான். பதுளை என்பது ஓர் ஊரின் பெயர், பதுளையில் இருக்கிற எவரும் அதைச் சொல்லலாம். கொத்தமல்லி என்பது சரக்கின் பெயர், அதை விற்கிற எவரும் அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். இரண்டையும் ஒருத்திக்கு மட்டும் எழுதிக் கொடுக்க முடியாது. அந்தச் சொற்களுக்குத் தனியுரிமை கேட்கவில்லை என்று நான் ஒப்புக்கொண்டால் மேற்கொண்டு பார்க்கலாம்.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு மிஸ்ஸிடம் போனேன். பெயரையும் பிடுங்கிக்கொண்டு ஊரையும் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கிறது, வெறும் மஞ்சள் தாளா என்று கத்தினேன். அவர் பொறுமையாக என்னைக் கத்தவிட்டார். பிறகு தாளின் மூலையில் விரலை வைத்தார்.

"இது இருக்குத்தானே அக்கா. இது என்ன, கோழிக்காலோ?"

அவர் கேட்கும்வரைக்கும் எனக்கே அது ஞாபகத்தில் இல்லை.

நான் பிறந்தது ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில். பள்ளிக்கூடம் முடிந்து சில காலம் அம்மாவோடு கொழுந்து பறித்தேன், பிறகு தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டேன், கல்யாணமாகிப் பதுளைக்கு வந்தேன். மலையிலிருந்து கொழுந்தைச் சாக்கில் கட்டிக் கொழுந்து மடுவம் என்கிற கொட்டகைக்குக் கொண்டுபோய் நிறுப்பார்கள். நிறுத்துக் கொட்டியதும் வெறுஞ்சாக்குகளை ஒரு பக்கமாக வீசிவிடுவார்கள். அந்தக் குவியலில் அவரவர் சாக்கை அவரவர் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அதற்காக ஒவ்வொரு பெண்ணும் தன் சாக்கில் ஒரு குறி தைத்திருப்பாள். ஒருத்திக்குப் பச்சை நூலில் பெருக்கல் குறி, இன்னொருத்திக்கு நீலத்தில் ஒரு வட்டம். எங்கள் அம்மாவுக்குச் சிவப்பு நூலில் மூன்று கோடு, கீழே ஒரு புள்ளியில் சேரும். கோழிக்கால் என்போம். புதிதாக வந்த ஒருத்தியின் குறியும் பழையவள் குறியும் ஒன்றாக இருந்துவிட்டால் அதற்கும் ஒரு வழக்கம் இருந்தது: பிந்தி வந்தவள் தன் குறியில் ஒரு தையலைக் கூட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்காக யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

முதன்முதலில் பாக்கெட் போட்டபோது தாளின் மூலை வெறுமையாக இருக்கிறதே என்று அம்மாவின் கோழிக்காலைப் போட்டேன். அவ்வளவுதான். கொட்டை எழுத்தில் போட்டதெல்லாம் ஊர்ச் சொத்தாகிவிட்டது, போனால் போகிறது என்று போட்டதுதான் என்னுடையதாக மிஞ்சியது. ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். விவரத்தில் கோழிக்கால் என்று எழுத வேண்டாம், உள்ளே கோழி இருக்கிறதா என்று கேட்கப்போகிறார்கள் என்று சிரித்துவிட்டு, "ஒரு புள்ளியில் சேரும் மூன்று சிவப்புக் கோடுகள்" என்று எழுதினார் மிஸ்.

பரிசீலிக்கிறவர்கள் இரண்டு கேள்விதான் கேட்பார்களாம், மிஸ் விளக்கினார். இப்படிப்பட்ட ஒன்று யாருக்காவது தனியாகச் சொந்தமாக முடியுமா என்பது முதல் கேள்வி. முடியுமென்றால், அது ஏற்கெனவே வேறு யாருக்காவது சொந்தமா என்பது இரண்டாவது. தங்கள் ஏடுகளில் தேடிப் பார்த்து இரண்டையும் தாண்டிவிட்டால் வர்த்தமானியில், அதாவது அரசாங்க அறிவித்தல் பத்திரிகையில், போடுவார்கள். அதன்பிறகு மூன்று மாதம் நாட்டில் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். கல்யாணத்துக்கு முன்னால் பதிவுகாரர் நோட்டீஸ் ஒட்டுவது மாதிரி என்று எனக்குப் புரிந்தது.

வர்த்தமானியில் என் கோழிக்கால் வந்தது. கறுப்பு வெள்ளையில், கட்டை விரல் அளவில். அதைப் போட்டோ எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொண்டு பார்த்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். அம்மா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் தன் சாக்குக் குறி அரசாங்கப் பத்திரிகையில் வந்ததைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொண்டேன். விடுதிக்காரர்களிடம், பதிவு வந்ததும் பெரிய ஓடர் தாருங்கள் என்று சொல்லி வைத்தேன். என்னோடு வேலை செய்த பெண்களும் அதைத்தான் நம்பியிருந்தார்கள்.

மூன்று மாதம் முடியப்போகிற தறுவாயில் எதிர்ப்பு வந்தது. எதிர்த்தது கொழும்புக் கம்பனி ஏதோ ஒன்றாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. எங்கள் தோட்டத்துப் பெண்ணே எதிர்த்திருந்தாள். நாங்கள் மேற்கணக்கு, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவு. அவள் கீழ்க்கணக்கு. ஹல்துமுல்லையிலும் மொனராகலைச் சந்தையிலும் மிளகும் மல்லித்தூளும் பாக்கெட்டில் விற்கிறாளாம், பாக்கெட்டில் சிவப்புக் கோழிக்கால் இருக்கிறதாம், அது அவளுடைய அம்மாவின் சாக்குக் குறியாம். எனக்கு முன்னாலிருந்தே விற்பதாக எழுதியிருந்தாள். தேயிலை, மிளகு, மல்லி எல்லாம் பதிவில் ஒரே வகுப்பு என்பதால் அவளுடையது வேறு சரக்கு என்று சொல்லி நான் தப்பிக்கவும் வழியில்லை.

என் அம்மாவின் குறியை ஒருத்தி திருடிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அந்தச் சூட்டிலேயே பதில் எழுதச் சொன்னேன். எங்கள் மடுவத்தில் இந்தக் குறி வேறு யாருக்கும் கிடையாது, கிடையவே கிடையாது. மிஸ் இரண்டு தடவை கேட்டார், நிச்சயமோ அக்கா என்று. சத்தியம் செய்வேன் என்றேன். அது உண்மையும்தான். கீழ்க்கணக்குக்கு வேறு மடுவம், வேறு தராசு, வேறு குவியல் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. மடுவத்தில் வளர்ந்தவளுக்கு உலகமே ஒரு மடுவம்தான்.

விசாரணைக்குக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று முதல் நாளே பஸ் ஏறினேன். மிஸ் சொல்லியிருந்தபடி அம்மாவின் பழைய சாக்கை மடித்துப் பைக்குள் வைத்திருந்தேன். ஹல்துமுல்லையில் ஒரு பெண் ஏறினாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், கையில் ஒரு துணிப்பை, இடுப்பில் இடுக்கிய ஒரு துணிச்சுருள். என் பக்கத்தில்தான் இடமிருந்தது. உட்கார்ந்தாள், எங்கே போறீங்க என்று கேட்டாள், கொழும்புக்கு என்றேன், நானும்தான் என்றாள். வளைவொன்றில் பஸ் குலுங்க அவள் இடுப்பிலிருந்த சுருள் நழுவிப் பாதி அவிழ்ந்தது. பழைய சாக்கு. ஓரத்தில் சிவப்பு நூல்.

"அது யாரு சாக்குங்க?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எங்கம்மாவோடதுங்க."

நான் பையைத் திறந்து என்னுடையதை எடுத்து மடியில் விரித்தேன். அவள் பார்த்தாள். இரண்டு சாக்கும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டிலும் மூன்று கோடு, ஒரே சிவப்பு, நூல் வெளுத்திருந்ததுகூட ஒரே மாதிரி. அவளுடைய சாக்கு நேற்றுத் தைத்ததில்லை, அது எந்தக் குருடனுக்கும் தெரியும். திருட்டு என்ற நினைப்பு அந்த இடத்திலேயே செத்துப்போனது. கோபம் மட்டும் போகவில்லை, அது போக வேறு வழி தேடிக்கொண்டிருந்தது.

"நீங்கதானா அந்தப் பதுளைக்காரங்க" என்றாள் அவள். பயந்த மாதிரி இல்லை. தன் பாக்கெட்டை எப்போதாவது பார்த்திருக்கிறேனா என்று கேட்டாள். இல்லை என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பிந்தி வந்தவங்கதானே தையலைக் கூட்டணும்" என்றாள்.

அவர்கள் மடுவத்திலும் அதே வழக்கம்தான். பிந்தி வந்தது யார் என்று நான் திருப்பிக் கேட்டேன். முதலில் விண்ணப்பித்தது நான். முதலில் விற்றது அவள். எங்கள் அம்மாமார்களில் யார் முதலில் தைத்தார்கள் என்று கேட்கலாமென்றால் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பெலிஹுல்ஓயா தாண்டும்வரைக்கும் வாதாடினோம். அதற்குப் பிறகு ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இரத்தினபுரியில் பஸ் நின்றபோது பொட்டலத்தைப் பிரித்து ரொட்டியும் சம்பலும் எடுத்தாள், பாதியைப் பிய்த்து என் பக்கம் நீட்டினாள். பசி வந்துவிட்டால் எனக்குக் கோபத்தைப் பிடித்துவைக்கத் தெரியாது. வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் விசாரணை. கோர்ட் மாதிரி இருக்கும் என்று பயந்து போனேன், ஆனால் அது ஒரு சாதாரண அறை, நீள மேசை, மின்விசிறி. விசாரித்தவர் சிங்களத்தில் பேசினார், பக்கத்தில் ஒருவர் தமிழில் சொன்னார். இரண்டு பாக்கெட்டுகளையும் அருகருகே வைக்கவில்லை. ஒன்றைக் காட்டி எடுத்துவிட்டு, கொஞ்சம் கழித்து மற்றதைக் காட்டினார். வாங்குகிறவர் கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை, ஞாபகத்தில் இருப்பதை வைத்துத்தான் எடுக்கிறார் என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. சாக்குகளை இருவரும் விரித்தோம். மரியாதையாகப் பார்த்தார், ஆனால் அவை உதவாது என்றார். கொழுந்துச் சாக்கில் தைத்த குறியால் யாரும் எதையும் விற்கவில்லை. சரக்கில் போட்டு மக்களுக்கு விற்றது யார் என்பதுதான் கேள்வி.

அதில் அவள் முந்தியவள் என்பது கொஞ்ச நேரத்திலேயே தெளிவாகிவிட்டது. ஆனால் இன்னொரு படி இருந்தது. அவளுடையது பதியாத குறி என்பதால், முந்தி விற்றது மட்டும் போதாது, அவள் விற்பது எனக்குத் தெரிந்திருந்தது, அல்லது தெரியாமல் இருந்திருக்க முடியாது என்றும் காட்ட வேண்டும். விசாரித்தவர் அவளைப் பார்த்துக் கேட்டார், இவருக்கு உங்கள் பாக்கெட்டைப் பற்றித் தெரிந்திருந்ததா?

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே தோட்டம், என் கணவர் ஓட்டோவில் அந்தப் பக்கம் அடிக்கடி போய்வருகிறவர். நம்பும்படி சொல்ல எத்தனையோ இருந்தன. அவள் மேசையில் விரித்திருந்த தன் சாக்கை ஒரு பக்கமாக நகர்த்தினாள்.

"இல்லைங்க சேர். அவங்களுக்குத் தெரியாது. நேத்து பஸ்ஸுலதான் பார்த்தாங்க. அவங்க மூஞ்சியப் பார்த்தேன், பொய்யில்ல."

தமிழில் சொல்பவர் அதைச் சிங்களத்தில் சொல்லக் கொஞ்சம் தயங்கினார். விசாரித்தவர் எழுதிக்கொண்டார். முடிவு எழுத்தில் வரும் என்று அனுப்பிவிட்டார். தன் வழக்கைத் தானே தோற்கடித்துவிட்டு அவள் சாக்கைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். எனக்கு அழுகை வந்தது. ஜெயித்ததற்காக இல்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

திரும்பும்போதும் ஒரே பஸ்தான். இந்த முறை நான்தான் வடை வாங்கினேன். பஸ் மலை ஏறத் தொடங்கியபோது சொல்லிவிட்டேன்.

"தையலை நானே போட்டுக்கிறேன்."

"வேணாங்க்கா. தீர்ப்பு வரட்டும்."

"தீர்ப்பு எனக்குத்தான் வரும். வந்தப்புறம் போட மனசு வராது. என்னைய எனக்குத் தெரியும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஹல்துமுல்லையில் இறங்கும்போது என் கையை ஒருமுறை பிடித்துவிட்டு இறங்கினாள்.

மிஸ்ஸுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். "வெல்லப் போறதை விட்டுப்போட்டு வாறியளே அக்கா, உங்களுக்கு விசரோ?" என்றார். பிறகு காரணத்தைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழைய விண்ணப்பத்தை மீளப்பெற்றேன். குறியை இப்படி மாற்றுவதென்றால் புதிய விண்ணப்பம்தான் போட வேண்டும், திரும்பவும் முதலிலிருந்து வரிசை. கோழிக்காலின் பின்பக்கம் ஒரு கோட்டைக் கூட்டிப் போட்டோம். நிஜக் கோழிக்குப் பின்னால் ஒரு விரல் உண்டுதானே, இப்போதுதான் அது நிற்கும் என்றார் என் கணவர். அச்சடித்து வைத்திருந்த தாள்களில் வேலைக்கு வரும் பெண்கள் சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக நாலாவது விரலைப் போட்டார்கள். பெரிய ஓடர் தருகிறேன் என்ற விடுதிக்காரர்கள் காத்திருக்கச் சம்மதித்தார்கள், ஒருவரைத் தவிர.

புதிய குறி வர்த்தமானியில் வந்தது. மூன்று மாதம் போனது. யாரும் எதிர்க்கவில்லை. சான்றிதழ் வந்த அன்று மிஸ்ஸின் அலுவலகத்துக்குப் பலகாரம் கொண்டுபோனேன். கதை அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒரு காலையில் எங்கள் வாசல் கேற்றடியில் அவள் நின்றாள். உள்ளே வரவில்லை. மிளகு பறிப்பு முடியட்டும் என்று இருந்துவிட்டு, அவள் தன் மூன்று விரல் குறிக்கு என்னை விடப் பிந்தித்தான் விண்ணப்பித்திருந்தாள். பரிசீலனையில் நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே பதிந்த ஒரு குறியைப் போல இருக்கிறது, அதே வகுப்புச் சரக்கு, மக்கள் குழம்புவார்கள். அந்தப் பதிந்த குறி என்னுடையது.

"அக்கா, இப்ப நீங்கதான் எனக்குத் தடையாம்" என்றாள்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கடிதத்தை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். தன் அம்மாவின் குறியை என்னிடம் கேட்டு வாங்க வேண்டிய நிலைமைக்கு அவளைக் கொண்டுவந்துவிட்டது இந்தச் சட்டம் என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. சட்டத்தைச் சொல்லி என்ன, அது அதன் வேலையைச் செய்கிறது. கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்துத் தேத்தண்ணி ஊற்றினேன்.

அவளை ஓட்டோவில் ஏற்றி மிஸ்ஸிடம் போனோம். வழி இருந்தது. முந்திய குறிக்குச் சொந்தக்காரர் சம்மதம் கொடுத்தால் அதையும் கணக்கில் எடுப்பார்கள். மிஸ் எழுதிக்கொண்டே என்னைக் கேட்டார். "வடிவா யோசிச்சனீங்களோ? நாளைக்கு உவ மல்லியும் சுக்கும் போட்டு வித்தால் உங்களுக்கு ஒண்டும் சொல்லேலாது."

"வித்தா வித்துட்டுப் போகட்டும் மிஸ். எடுக்கிறவங்களுக்கு யாரு சாக்குன்னு தெரிஞ்சா போதும்" என்று கையெழுத்துப் போட்டேன்.

அதுவும் கொழும்புக்குப் போய், கேள்வி வந்து, பதில் போய், ஒருவழியாக அவளுடைய மூன்று விரலும் வர்த்தமானியில் வந்தது. என் குறிக்குக்கூட நான் அப்படிப் பதறியதில்லை. காலண்டரைப் பார்ப்பதும், அவளுக்குப் போன் போடுவதுமாக இருந்தேன். இதற்கிடையில் பதுளைக் கடைகளுக்கும் அவளுடைய மிளகு வந்துவிட்டது. ஒருநாள் பஜாரில் சாமான் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், பக்கத்தில் யாரோ ஒரு அம்மா கடைக்காரரிடம் கேட்கிறார்: "நாலு விரல் மல்லி ஒண்ணு, மூணு விரல் மிளகு ஒண்ணு குடுங்க." கடைக்காரர் தலையைத் தூக்காமலே சரியாக எடுத்துக் கொடுத்தார். என்னை அங்கே யாருக்கும் தெரியாது. சொல்லிக்கொள்ளலாமா என்று வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவளுடைய மூன்று மாதம் முடிந்த அன்று பின்னேரம் அவளே போன் போட்டாள். நான் அடுப்படியில் நின்றேன், சட்டியில் கொத்தமல்லி பதத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"அக்கா, யாரும் எதிர்க்கலையாம்ங்க!"

"எதிர்க்கிறதுக்கு இந்த நாட்டுல ஒரே ஒருத்திதான் இருந்தா" என்றேன். "அவ இங்க மல்லி வறுத்துக்கிட்டு இருக்கா. நீ போய்ச் சாமிக்கு விளக்கைக் கொளுத்து."